ஒத்தியும் ரத்தும்

2005, ஆடி மாதம். திருநெல்வேலியில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் எனக்கு இரவுப் பணி. எந்த நாளிதழ் என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. மணி பதினொன்று நாற்பது. ஐந்தாம் பக்கத்துக்கு வர வேண்டிய விளம்பரம் கடைசி நேரத்தில் வராமல் போனதில் டபுள் காலம் அகலத்துக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. பன்னிரண்டுக்குள் பக்கம் போயாக வேண்டும். லே-அவுட் தம்பி மவுஸைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், எட்டு வரி குடுங்க, போதும்."

ஆங்கிலச் செய்தி நிறுவனத்திலிருந்து வந்திருந்த தாள்களைப் புரட்டினேன். மதுரையிலிருந்து ஐந்து வரிச் செய்தி ஒன்று கிடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை முந்தைய ஆண்டு ஜூலையில்தான் திறந்திருந்தார்கள். அதுவரை சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் பக்கத்து வழக்குகள் அங்கே வரத் தொடங்கியிருந்த சமயம். இதுவும் எங்கள் மாவட்டத்து வழக்குதான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்துப்போன வழக்கு. மூன்று பேருக்கு செஷன்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்திருந்தது. அவர்களுடைய மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு 'ரிவர்ஸ்ட்' என்று படித்தேன். தாளில் இருந்தது 'ரிசர்வ்ட்'.

ரிசர்வ்ட் என்றால் வாதம் முடிந்தது, தீர்ப்பைப் பிறகு சொல்கிறோம் என்று ஒத்திவைப்பது. ரிவர்ஸ்ட் என்றால் கீழ்க்கோர்ட் சொன்னதைப் புரட்டிப் போடுவது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் எட்டெழுத்து, அதே எட்டெழுத்து. எஸ் இருக்கும் இடத்தில் வி, வி இருக்கும் இடத்தில் எஸ். அவ்வளவுதான் வித்தியாசம்.

'கொலை வழக்கில் 3 பேரின் ஆயுள் தண்டனை ரத்து' என்று தலைப்பு வைத்தேன். ஓட்டையில் கனகச்சிதமாக உட்கார்ந்தது. தம்பி பக்கத்தை அனுப்பினான். நான் வாசலில் போய் டீ குடித்தேன்.

கண் ஏமாற்றிவிட்டது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. அந்த வாக்கியத்தை 'ரிவர்ஸ்ட்' என்று வைத்துப் படித்தால் ஆங்கிலமே ஒழுங்காக நிற்காது. 'மேல்முறையீட்டின் மீது உத்தரவுகளைப் புரட்டினார்கள்' என்று எந்த நிருபரும் எழுத மாட்டார். அந்த இடறல் படிக்கும்போதே எனக்குத் தட்டுப்பட்டது. செய்தி நிறுவனத்துக்காரன் அவசரத்தில் அரைகுறையாக எழுதியிருக்கிறான் என்று அவன் தலையில் போட்டுவிட்டு, நானாகச் சரிசெய்து படித்துக்கொண்டேன். ஓட்டைக்குத் தேவை ஒரு செய்தி. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது என்பதை யார் டபுள் காலத்தில் படிப்பார்கள்? போதாக்குறைக்கு, 'ரத்து' மூன்றெழுத்து, 'ஒத்திவைப்பு' ஆறெழுத்து.

காலையில் மதுரை நிருபர் போன் செய்து என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார். அவர் திட்டவில்லை. "அண்ணே, அந்த பெஞ்ச் நேத்து யாரையும் விடலை" என்று மட்டும் சொன்னார். செய்தி ஆசிரியருக்குச் சொன்னேன். மறுநாள் திருத்தம் போடலாம் என்று முடிவானது. மாலை ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போனபோது வாட்ச்மேன் படியருகே நிறுத்தினார். "சார், ஒரு ஆச்சி மூணு மணியிலேர்ந்து உக்காந்திருக்கு. பேப்பர்ல எழுதினவரப் பாக்கணுமாம்."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் கடை ஸ்டிக்கர் கிழிக்காத வேட்டியும் ஒரு சட்டையும். கையில் எங்கள் பேப்பர், ஐந்தாம் பக்கம் வெளியே தெரிய நான்காக மடித்தது. காலையில் ஊர் டீக்கடையில் யாரோ சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்து, மகனுக்கு வேட்டி சட்டை எடுத்துக்கொண்டு ஜெயில் வாசலுக்குப் போயிருக்கிறார். அப்படி ஓர் உத்தரவும் வரவில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"செயில்ல ஒண்ணும் வரலைங்காவ. நீங்க ரத்துன்னு போட்டிருக்கியள்லா. எது நெசம்யா?"

"ஆச்சி, அது தப்பா வந்துட்டு. நான்தான் எழுதுனேன். ரத்து ஆகல."

"தப்பாவா? பேப்பர்லயா?" கோபம் இல்லை அந்தக் குரலில். கிணற்றில் தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறது என்று நான் சொன்ன மாதிரி பார்த்தார். "அப்பொ கோர்ட்டுல என்னதான் சொன்னாவ?"

"தீர்ப்ப ஒத்தி வச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "ஒத்தி வச்சிருக்காவளா? யாருகிட்டய்யா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது வாயைத் திறக்க முடியவில்லை. எங்கள் பக்கம் ஒத்தி என்றால் நிலத்தையோ வீட்டையோ ஒருவரிடம் ஒப்படைத்துப் பணம் வாங்குவது. வட்டிக்குப் பதிலாக அவர் அதை அனுபவித்துக்கொள்வார். முதலைக் கட்டினால் சொத்து திரும்பி வரும். வேறு மாவட்டங்களில் போக்கியம் என்பார்கள். ஆச்சி வக்கீல் செலவுக்காக இரண்டு வயல்களை ஒத்தி வைத்திருந்தார். அவருக்கு அந்தச் சொல் நீதிமன்றச் சொல் இல்லை. தினமும் வரப்பில் நின்று பார்க்கிற சங்கதி.

"அது வேற ஒத்தி ஆச்சி. தீர்ப்பு இன்னும் சொல்லல. கொஞ்ச நாள் கழிச்சுச் சொல்லுவாங்க."

"அப்பொ திருப்பிரலாம்லா?" என்றார். ஒத்தியைத் திருப்புவது என்றால் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்பது. நான் தலையை ஆட்டினேன். அது பொய்யா உண்மையா என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. ஊர் மளிகைக் கடையின் போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தார். அதை என்னிடம் கொடுத்தார். "நெசமா வாரப்ப சொல்லுங்கய்யா." மஞ்சள் பையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் திருத்தம் வந்தது. ஏழாம் பக்கம், கீழே, சிங்கிள் காலத்தில் நான்கு வரி. கடைசிச் சொல் 'வருந்துகிறோம்'. தலைப்பு எழுதியது ஒருவன், வருந்துவது மட்டும் பன்மையில்.

அன்று நாங்கள் பக்கம் செய்தது பேஜ்மேக்கரில். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்: அதில் கண்ட்ரோல் இசட் ஒரே ஒரு படிதான் பின்னால் போகும். கடைசியாகச் செய்ததை மட்டும் எடுக்கலாம். அதற்கு முந்தியது போனது போனதுதான். லே-அவுட் தம்பிகள் அதனாலேயே ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் ஒரு நொடி நிற்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. என் வேலை சொற்களோடுதான், சொல்லை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற நினைப்பு. பிளேட் ஏறி மெஷின் ஓடியபின் எந்த இசட்டும் இல்லை.

அந்த வாரமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். செய்ததை இல்லாமல் ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் இருக்கிறது என்று எழுதத் தொடங்கினேன். ரிவர்ஸ், ரிவோக், ரிப்பீல், ரெசிண்ட், ரீகால், ரிட்ராக்ட், கேன்சல், அனல், குவாஷ், ஓவர்ரூல், செட் அசைட், வித்ட்ரா, அன்டூ. எதிரே தமிழ். முதல் பக்கம் முடிந்தபோது வலப்பக்கம் முழுக்க ஒரே சொல்: ரத்து, ரத்து, ரத்து. பதினைந்து வருடம் நான் அப்படித்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அரபியிலிருந்து உருது வழியாக வந்து நம் கச்சேரிகளிலும் ரயில்வே அறிவிப்புகளிலும் நிலைத்துவிட்ட நல்ல சொல்தான். ஆனால் கல்யாண வீட்டுச் சாம்பார்க் கரண்டியைப் போல எல்லாப் பாத்திரத்திலும் அதையே விட்டுக் கிளறினால் என்ன ஆகும்?

அகராதிக்காரர்கள் இவற்றை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் நிற்கிறான். ரிவோக் என்பதன் லத்தீன் வேருக்குத் திரும்பக் கூப்பிடுவது என்று பொருள். கொடுத்தவன்தான் திரும்பக் கூப்பிட முடியும்: பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர், லைசென்ஸ் வழங்கிய அலுவலகம். ரிட்ராக்ட், பேசியவன் தன் பேச்சைப் பின்னுக்கு இழுப்பது. ரிப்பீல், சட்டம் செய்த சபை அந்தச் சட்டத்தை எடுப்பது. ரிவர்ஸ், மேலே இருப்பவர் கீழே இருப்பவர் சொன்னதைத் திருப்புவது. கீழ்க்கோர்ட் மேல்கோர்ட்டை ரிவர்ஸ் செய்ய முடியாது. கேன்சல் வேரில் ஒரு படம் இருக்கிறது. லத்தீனில் கம்பி அழி, சட்டகம் என்ற பொருளுள்ள சொல் அது. எழுத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் கம்பி அழி போலத் தெரியும். வங்கியில் 'கேன்சல்டு செக்' கேட்கும்போது இரண்டு கோடு இழுத்துக் கொடுக்கிறோமே, அந்தக் கோடுதான் சொல்லின் உடம்பு. கோடு போட்டாலும் அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியும். அதற்காகத்தானே அந்தச் செக்கையே கேட்கிறார்கள்.

ரிவர்ஸ், ஓவர்ரூல் இரண்டையும் பிரிக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. ஒரு வழக்கு விளக்கி வைத்தது. ஒருபால் உறவு குற்றமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. அதே வழக்கு, மேலே போய்ப் புரண்டது: இது ரிவர்ஸ். 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வேறொரு வழக்கில், 2013 தீர்ப்பு சொன்ன சட்டமே தவறு என்றது: இது ஓவர்ரூல். வழக்கு புரள்வது ஒன்று, சட்டத்தின் விளக்கம் புரள்வது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் 'ரத்து' போட்டிருந்தால் வாசகருக்கு ஒன்றும் குடி முழுகிப்போயிருக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த வாசகர் வழக்கில் சம்பந்தப்பட்டவராக இல்லாதவரை அது சரி.

இதில் தமிழ் ஏழை என்று எண்ணிக்கொண்டிருந்த என் எண்ணத்தைத் தையற்காரர் ஒருவர் கலைத்தார். தீபாவளிச் சட்டை தோளில் பிடித்தது. "பிரிச்சுத் தச்சுத் தரேன் சார்" என்றார். அன்டூ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வீட்டுப் பொருள் அதுதான்: பொத்தானைக் கழற்றுவது, முடிச்சை எடுப்பது. அதே சொல் ஆளை அழித்துவிடுவது என்றும் பொருள்படும். ஆங்கிலத்துக்கு இதற்கெல்லாம் ஒரே அன்டூ போதும். தமிழுக்குப் போதாது. தையலைப் பிரிக்கிறோம். முடிச்சை அவிழ்க்கிறோம். பட்டனைக் கழற்றுகிறோம். வேஷத்தைக் கலைக்கிறோம், சட்டமன்றத்தையும் அதே வினையால் கலைக்கிறோம். கூட்டணியை முறிக்கிறோம். நகையை மீட்கிறோம். கண்பட்டதைக் கழிக்கிறோம், வைத்த சூனியத்தை எடுக்கிறோம். சாபத்துக்கு ரத்தே கிடையாது, விமோசனம்தான். கொடுத்த முனிவரே நினைத்தாலும் வாங்கிக்கொள்ள முடியாது, வெளியேற ஒரு வாசல் மட்டும் சொல்லிவிட்டுப் போவார். 'ஓவர்ரூல்', 'ரிவர்ஸ்' என்று மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு, சட்டைக்கும் சூனியத்துக்கும் தனித்தனி வினை வைத்திருக்கும் மொழி கையிலேயே இருந்தது தெரியவில்லை.

தேர்தல் நேரத்தில் நாங்களே இதைச் சரியாகச் செய்கிறோம். வேட்புமனுவை வேட்பாளர் எடுத்துக்கொண்டால் வாபஸ். அதிகாரி மறுத்தால் நிராகரிப்பு. எந்த உதவி ஆசிரியரும் இதை மாற்றி எழுத மாட்டார். எழுதினால் காலையில் கட்சிக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். கொலை வழக்குக் கைதிக்கு அப்படி நிற்க ஆள் இல்லை. ஓர் ஆச்சிதான் வந்து நின்றார்.

'தள்ளுபடி' இன்னொரு வில்லங்கம். மேல்முறையீடு தள்ளுபடி என்றால் தோற்றுப்போனது. கடன் தள்ளுபடி என்றால் தப்பித்தது. ஆடித் தள்ளுபடி என்றால் இருபது சதவீதம். வழக்கு தள்ளுபடியானது என்ற செய்தியைப் படித்துவிட்டு, 'பரவாயில்லயே, கொஞ்சம் கொறச்சிருக்காங்க' என்று சொன்ன பெரியவரை என் காதால் கேட்டிருக்கிறேன். அதன்பிறகு 'ஏற்க மறுப்பு' என்று எழுத முயன்றேன். நீளம். தலைப்பில் இடம் இல்லை. பல நாள் தோற்றேன்.

பெரியப்பா ஒருவர் வீட்டைச் சின்ன மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டார். ஒரே வருடத்தில் மனஸ்தாபம். 'ரத்து பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டா முடிஞ்சுதுல்லா' என்று என்னைக் கேட்டார், பேப்பர்க்காரனுக்குத் தெரியும் என்று. உயில் என்றால் சாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் நிற்கும். செட்டில்மென்ட் அப்படி இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான், மனசு மாறிவிட்டது என்று தான் மட்டும் போய் வாங்கிக்கொள்ள முடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு மகன் கைவிட்டால், தீர்ப்பாயத்தில் அதைச் செல்லாததாக்கக் கேட்கலாம். பெரியப்பாவின் பத்திரத்தில் அந்த நிபந்தனை வரி இல்லை. எழுதும்போது 'எதுக்கு, எம்மவன்தான' என்று விட்டுவிட்டார். உயிலும் செட்டில்மென்ட்டும் பார்வைக்குச் சொத்துக்காகிதம்தான். ஒன்று கடைசிவரை ஒத்தி, ஒன்று எழுதிய அன்றே விற்பனை மாதிரி.

நோட்டு நிரம்ப நிரம்ப நாட்டு நடப்பும் பாடம் எடுத்தது. மூன்று வேளாண் சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்துவதை நிறுத்திவைத்தது. அன்று எங்கள் டெஸ்க்கில் ஒரு இளைஞர் 'வேளாண் சட்டங்கள் ரத்து' என்று தலைப்பு அடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். "தம்பி, நிறுத்தினது கோர்ட். சட்டம் அப்படியேதான் இருக்கு." உண்மையான ரத்து அந்த நவம்பரில்தான் வந்தது. 19ஆம் தேதி பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அன்றும் அது ரத்து ஆகவில்லை, அறிவிப்புதான். நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியது 29ஆம் தேதி. செய்தவர்களே உட்கார்ந்து எடுத்தார்கள். 'ஒரே நாள்ல மூணு தடவை தலைப்பை மாத்தச் சொன்ன மனுஷன்' என்று அந்த இளைஞர் என்னைப் பற்றி இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

2,000 ரூபாய் நோட்டு விஷயம் இன்னும் மோசம். 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சட்டப்படி செல்லும் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சொன்னது. அரை மணி நேரத்துக்குள் தெருவெல்லாம் 'ரெண்டாயிரம் செல்லாது' என்று ஓடியது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 நோட்டுகளுக்கு நடந்தது 'செல்லாது'. இது 'திரும்பப் பெறுதல்'. எங்கள் தெரு முக்கு மளிகைக்காரருக்கு இந்த வித்தியாசத்தைப் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார், சில்லறை இருந்தா குடுங்க" என்றார். பட்ட மாட்டுக்கு எந்தச் சொல்லும் சூடுதான்.

பேச்சில் ரிவர்ஸ் என்ற சொல்லே தமிழாகிவிட்டது. ஆனால் அது இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. ஒன்று வண்டியில். டிரைவருக்குப் பின்னால் நின்று "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, ஆங்… போதும்" என்று தட்டுகிறார்களே, அந்த ரிவர்ஸ். இன்னொன்று வங்கியில். போன வருடம் ஏடிஎம்மில் பத்தாயிரம் எடுக்கப் போனேன். மெஷின் உறுமியது, பணம் வரவில்லை, கணக்கில் கழிந்த குறுஞ்செய்தி மட்டும் வந்தது. கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆட்டோமேட்டிக்கா ரிவர்ஸ் ஆயிடும் சார், அஞ்சு நாள் வெயிட் பண்ணுங்க" என்றார். அந்த ஐந்து நாள் அவர் மனம்போனபடி சொன்னதல்ல. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி: பணம் வராமல் கணக்கில் கழிந்தால் பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும். நான்காம் நாள் வந்துவிட்டது. பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். வங்கி அந்தப் பத்தாயிரத்தை அழிக்கவில்லை. கழித்த வரி அப்படியே இருந்தது. நான்கு வரி தள்ளி வரவு வரி ஒன்று புதிதாக விழுந்திருந்தது. கணக்குப் பிள்ளைகளுக்கு இது பாலபாடம். எழுதியதை அடிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுவார்கள். எங்கள் 'வருந்துகிறோம்' அப்படி ஓர் எதிர்ப்பதிவாக ஆகியிருக்க வேண்டியது. பத்தாயிரம் கழித்துவிட்டு நாலணா வரவு வைத்த மாதிரி, ஏழாம் பக்க மூலையில் வந்தது.

ஜிமெயிலைத் தமிழில் வைத்துப் பயன்படுத்துகிறேன். அஞ்சலை அனுப்பியதும் கீழே 'செயல்தவிர்' என்று ஒரு பொத்தான் எட்டிப் பார்க்கும். அந்தச் சொல்லின் மேல் எனக்கு வெகுநாள் கடுப்பு. செய்து முடித்ததை எப்படித் தவிர்ப்பது? தவிர்ப்பது என்றால் செய்யாமலே விடுவது அல்லவா? மகள்தான் விளக்கினாள். "அப்பா, அது அனுப்பினதைத் திரும்ப இழுக்கல. நீங்க அனுப்புனு அமுக்கினதும் அஞ்சு செகண்டோ முப்பது செகண்டோ கையிலயே வச்சிருக்கும். அதுக்குள்ள அமுக்கினா அனுப்பாது, அவ்வளவுதான்." முப்பது நொடிதான் அதிகபட்சமாம். அப்படியானால் சொல் சரி. மொழிபெயர்த்தவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, ஜிமெயில் விஷயத்தில் கச்சிதம். அது ரத்து இல்லை, ஒத்தி. அன்றைக்கே அமைப்பில் போய் முப்பது நொடி என்று மாற்றி வைத்தேன்.

இதே இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நின்ற பெரிய வழக்கு ஒன்று பிறகு வந்தது. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 மே மாதம் எல்லோரையும் விடுவித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2016 ஜூனில் தீர்ப்பை ஒத்திவைத்தது: ரிசர்வ்ட். 2017 பிப்ரவரி 14 அன்று விடுதலையை மாற்றி விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை நிலைநிறுத்தியது: ரிவர்ஸ்ட். நடுவில் முதல் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவரே இறந்துபோயிருந்தார். ஜூனில் அந்த ஒத்திவைப்புச் செய்தி வந்த இரவு நான் பணியில் இருந்தேன். என் மானிட்டரின் ஓரத்தில் பதினொரு வருடமாக ஒரு மஞ்சள் துண்டுத்தாள் ஒட்டியிருந்தது: 'முன்னால் எஸ் என்றால் ஒத்தி, முன்னால் வி என்றால் ரத்து.' புதிதாக வருபவர்கள் அதை ஏதோ ஜோசியக் குறிப்பு என்று நினைப்பார்கள். அந்த இரவு எஸ்ஸைப் பேனாவால் தொட்டுத் தொட்டுப் படித்தேன்.

ஆச்சியின் மகன் வழக்கில் தீர்ப்பு வந்தது 2006 மாசியில். ஏழு மாதம். நான் பகல் பணிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை நிருபர் போனில் வாசித்தார். கொலைக்குற்றம் என்ற முடிவையும் ஆயுள் தண்டனையையும் பெஞ்ச் எடுத்துவிட்டது. கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாக மாற்றி, மூன்று பேருக்கும் ஏழு வருடம். உள்ளே இருந்த காலம் கழியும். "அண்ணே, இப்ப நீங்க ரத்துன்னு போடலாம், தப்பில்ல" என்று சிரித்தார். போட்டிருக்கலாம். எட்டு வரி எழுதினேன். தலைப்பில் 'ஆயுள், 7 ஆண்டாகக் குறைப்பு'. திரும்பவும் அவருக்குப் போன் செய்து ஏழா பத்தா என்று கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது எரிச்சலாகிவிட்டார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஆச்சி கொடுத்த துண்டுத்தாளை எடுத்து மளிகைக் கடைக்கு அடித்தேன். கடைக்காரர் ஆள் அனுப்பினார். பத்து நிமிடம் பிடித்தது. ரிசீவரில் கோழிச் சத்தமும் யாரோ அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்பதும் விழுந்துகொண்டிருந்தன. மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஐயா, பேப்பர்க்காரவளா? திருப்பியாச்சா?"

"பாதி திருப்பியாச்சு ஆச்சி. ஆயுள் இல்ல. ஏழு வருசம். இதுவரைக்கும் இருந்தது கழியும்."

விரல் விட்டு எண்ணுகிறார் என்பது அந்த மௌனத்தில் தெரிந்தது.

"மீதிய அவன் கட்டிருவான்யா" என்றார்.